அந்த 608 மேற்கோள்களை யாராவது படித்தார்களா? ஆய்வாளர் தேர்வுக்குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவ மருந்தியல் துறையில் ஆய்வாளர்களைத் தேர்ந்தெடுக்கும், பதவி உயர்வு அளிக்கும், ஆய்வு நிதி ஒதுக்கும் குழுக்களின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

1980 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஆசிரியருக்கு ஒரு கடிதம் வெளிவந்தது. மொத்தமே ஐந்து வாக்கியங்கள். ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் என்ற இருவர் எழுதியது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தவர்களின் பதிவேடுகளைப் பார்த்திருந்தார்கள். ஓபியாய்டு வகை வலிமருந்தை ஒருமுறையாவது பெற்றவர்கள் 11,882 பேர். முன்பு போதைப் பழக்கம் இல்லாமலிருந்து புதிதாக அடிமையானவர்கள் என்று ஓரளவு உறுதியாகத் தெரிந்தவர்கள் நான்கே பேர். இதுதான் கடிதத்தின் சாரம். அவர்கள் பொய் ஏதும் எழுதவில்லை. எத்தனை நாள் மருந்து கொடுக்கப்பட்டது, வீட்டுக்குப் போன பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்பதை ஐந்து வாக்கியத்தில் சொல்லவும் முடியாது.

அந்தக் கடிதத்தைப் பின்னால் வந்த கட்டுரைகள் எத்தனை முறை, எப்படிச் சுட்டின, அதாவது மேற்கோள் காட்டின என்பதை 2017இல் அதே இதழில் ஒரு குழு எண்ணிப் பார்த்து வெளியிட்டது. 608 மேற்கோள்கள். அதே காலத்தில் அங்கே வெளிவந்த வேறு 11 கடிதங்களை எடுத்துப் பார்த்தால் அவற்றின் மேற்கோள் எண்ணிக்கையின் நடுமதிப்பு வெறும் 11. அந்த 608இல் 72 விழுக்காடு, ஓபியாய்டு மருந்து பெறுபவர்கள் அடிமையாவது அரிது என்பதற்குச் சான்றாக இந்தக் கடிதத்தைக் காட்டியிருந்தன. அவர்கள் மருத்துவமனைக்குள் இருந்த நோயாளிகள் என்ற ஒற்றைச் செய்தியை 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை சொல்லவே இல்லை. 1990களின் நடுவில் நீண்ட நேரம் செயல்படும் ஆக்ஸிகோடோன் மாத்திரை சந்தைக்கு வந்த பின் மேற்கோள்கள் மளமளவென ஏறின. வட அமெரிக்காவில் ஓபியாய்டு மருந்துகளால் எத்தனை குடும்பங்கள் சிதைந்தன என்பது உங்களுக்கும் தெரியும். அந்தச் சிதைவுக்குப் பல காரணங்கள் உண்டு. இந்தக் கடிதம் பயன்படுத்தப்பட்ட விதமும் அவற்றில் ஒன்று. ஜிக் அதற்காகப் பின்னாளில் வெளிப்படையாகவே மனம் நொந்து பேசினார்.

இப்போது பெயரை மறைத்துவிட்டு, இந்தக் கடிதத்தை ஒரு விண்ணப்பதாரரின் வெளியீட்டுப் பட்டியலில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம்கூட இல்லாத எழுத்துக்கு 608 மேற்கோள்கள். உங்கள் குழு எத்தனை மதிப்பெண் போடும்? முழு மதிப்பெண் போடும் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படிப்பட்ட குழுக்களில் உட்கார்ந்து போட்டிருக்கிறேன்.

அதனால்தான் இந்த மடல். கேட்பது ஒன்றே ஒன்று. மருத்துவ மருந்தியல் ஆய்வாளர் ஒருவரின் மேற்கோள் எண்ணிக்கையைப் பார்க்கும்போது, மேற்கோள் காட்டியவர்கள் எழுதிய வாக்கியங்களையும் திறந்து படியுங்கள். எல்லாவற்றையும் படிக்க முடியாது, வேண்டியதுமில்லை. விண்ணப்பதாரரே முக்கியமென்று சொல்லும் ஒரு கட்டுரையை எடுத்து, அதை மேற்கோள் காட்டிய பத்துப் பேர் என்ன சொல்லிக் காட்டினார்கள் என்று பாருங்கள். ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரத்தில், மேற்கோள் எண்ணிக்கையை வைத்து ஆய்வாளருக்குப் போடும் எச்-இண்டெக்ஸ் என்ற குறியீடு காட்டாத பலவும் கண்ணில் படும்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் உறுப்பினராக இருந்த ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயரும் ஊரும் வேண்டாம். கடைசிச் சுற்றில் இரண்டு பேர். ஒருவர் ஏழு ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் எழுதியிருந்தார். பெரும்பாலானவை பிறர் செய்த ஆய்வுகளைத் தொகுத்த மீள்பார்வைக் கட்டுரைகள். இன்னொருவர் அதே காலத்தில் நான்கே கட்டுரைகள். குறைப்பிரசவத்தில் பிறந்த குழந்தைகளுக்கு ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம் என்பதே அவருடைய வேலை முழுவதும்.

அந்த வேலை ஏன் மெதுவாக நடக்கும் என்பதை அன்று நான் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு கிலோ எடையில் பிறந்த குழந்தையின் உடம்பில் ஓடும் இரத்தம் மொத்தமும் சேர்த்து ஒரு சிறு டம்ளரைக்கூட நிரப்பாது. கிட்டத்தட்ட 90 மில்லிலிட்டர். பெரியவர்களிடம் எடுப்பதுபோல அரை மணிக்கு ஒருமுறை அந்தக் குழந்தையிடம் இரத்தம் எடுக்க முடியாது. எப்படியும் வேறு பரிசோதனைக்கு எடுக்கப்படும் இரத்தத்தில் மிஞ்சும் துளிகளுக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு குழந்தைக்கு இரண்டு, மூன்று அளவீடுகள் கிடைத்தால் அதிர்ஷ்டம். பல குழந்தைகளிடமிருந்து கிடைத்த அந்தச் சிதறிய புள்ளிகளை ஒரு கணித மாதிரிக்குள் சேர்த்து, எடை, பிறந்தபோதைய கருக்கால வாரம், பிறந்து கழிந்த நாட்கள் ஒவ்வொன்றும் மருந்து வெளியேறும் வேகத்தை எப்படி மாற்றுகிறது என்று கணிக்க வேண்டும். பெற்றோரின் ஒப்புதலை ஒவ்வொரு முறையும் கேட்டுப் பெற வேண்டும். அதுவும் எப்போது? தங்கள் குழந்தை பிழைக்குமா என்று அவர்கள் கலங்கி நிற்கும் நேரத்தில். அளவு கூடினால் அந்த மருந்து காதையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். குறைந்தால் கிருமி குழந்தையைக் கொன்றுவிடும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஒருமுறை தரும் மருந்தை, மிகச் சீக்கிரம் பிறந்த குழந்தைக்கு 36 மணிக்கு, 48 மணிக்கு ஒருமுறை என்று தள்ளித் தருகிறோமே, அந்த இடைவெளி இப்படிப்பட்ட ஆய்வுகளிலிருந்து வந்தது.

அவருடைய எச்-இண்டெக்ஸ் மற்றவருடையதில் பாதிகூட இல்லை. மேற்கோள்களை எண்ணும் இரு வேறு தரவுத்தளங்களிலிருந்து, ஒருவருக்குக் கூகுள் ஸ்காலர் எண், இன்னொருவருக்கு ஸ்கோபஸ் எண் என்று ஒரே அட்டவணையில் கலந்து கிடந்ததையும் யாரும் கவனிக்கவில்லை. கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளையும் அச்சுக்கு முந்தைய வரைவுகளையும் சேர்த்து எண்ணும், அதனால் அங்கே எண் பெரும்பாலும் கூடுதலாகவே நிற்கும். ஒரு விண்ணப்பத்துக்குப் பத்து நிமிடம்கூடப் போகவில்லை. முடிவு எடுத்தாயிற்று. நானும் கை தூக்கினேன். அன்று இரவு அவருடைய நான்கு கட்டுரைகளையும் வீட்டில் உட்கார்ந்து படித்தேன். கூட்டத்துக்கு முன்பே படித்திருக்க வேண்டியவை அவை. இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

எச்-இண்டெக்ஸை உண்டாக்கிய ஜார்ஜ் ஹிர்ஷ் ஓர் இயற்பியலாளர். 2005இல் அதை முன்வைத்தார். ஒருவருடைய கட்டுரைகளில் எச் எண்ணிக்கையிலானவை ஒவ்வொன்றும் குறைந்தது எச் மேற்கோள்களைப் பெற்றிருந்தால் அவருடைய குறியீடு எச். பெரிய பல்கலைக்கழகங்களில் நிரந்தரப் பணி பெறும் கட்டத்தில் 12, முழுப் பேராசிரியருக்கு 18 என்று அவர் சுட்டியதெல்லாம் இயற்பியலாளர்களை வைத்துத்தான். துறைக்குத் துறை மேற்கோள் பழக்கம் மாறும் என்று அந்தக் கட்டுரையே சொல்கிறது. 2020இல் அவரே மீண்டும் எழுதினார்: இந்தக் குறியீடு படுமோசமாகத் தவறக்கூடும், தான் எண்ணிப் பாராத கேடுகளையும் விளைவிக்கக்கூடும் என்று. ஆக்கியவர் சொல்லியும் நாம் கேட்கவில்லை. நம் பணி விளம்பரங்களில் ‘குறைந்தபட்சம் எச்-இண்டெக்ஸ் இத்தனை’ என்ற வரி இன்னும் இருக்கிறது.

எண் பெரிதாக இருந்தால் ஆய்வு நம்பகமானது என்று நினைப்பவர்களுக்கு யோஷிடாகா ஃபூஜியின் கதையை நினைவூட்ட விரும்புகிறேன். அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலையும் வாந்தியையும் தடுக்கும் மருந்துகள், முக்கியமாக கிரானிசெட்ரான், பற்றி அவர் எழுதிக் குவித்தார். வெளியீட்டுப் பட்டியல் நீளமோ நீளம். 2000இல் மூன்று மயக்கவியல் மருத்துவர்கள் ஓர் இதழுக்குக் கடிதம் எழுதினார்கள்: இவருடைய தரவுகள் நம்ப முடியாத அளவுக்கு நேர்த்தியாக இருக்கின்றன என்று. வெவ்வேறு மருந்து பெற்ற குழுக்களில் தலைவலி வந்தவர்களின் எண்ணிக்கை கட்டுரைக்குக் கட்டுரை ஒரேபோல இருந்ததைச் சுட்டிக்காட்டினார்கள். உண்மையான நோயாளிகளிடம் அப்படி அமையாது. அந்தக் கடிதத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. கட்டுரைகள் தொடர்ந்து வந்தன. பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் தொகுப்பாய்வுகளுக்குள்ளும் புகுந்தன. மருந்தின் பலன் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2012இல், ஜப்பானிய மயக்கவியல் சங்கத்தின் விசாரணைக் குழு 212 கட்டுரைகளை ஆராய்ந்து, 172இல் தரவு இட்டுக்கட்டப்பட்டது என்று அறிவித்தது. மோசடி இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தவை மூன்றே மூன்று.

அந்த மூன்று மருத்துவர்களின் கடிதம் உங்கள் மதிப்பெண் முறையில் எங்கே வரும்? ‘ஆசிரியருக்குக் கடிதம்: 0 மதிப்பெண்’ என்று அச்சிட்ட படிவங்களை நான் பார்த்திருக்கிறேன். 172 பொய்க் கட்டுரைகளும் ‘அசல் ஆய்வு’ என்ற பத்தியில் நிற்கும். நம் துறையில் தவறைக் கண்டுபிடித்துச் சொல்வது நோயாளியைக் காப்பாற்றும் வேலை. அதற்குச் சுழியம் போடும் படிவத்தைத் திருத்த வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. மேற்கோள் எண்ணிக்கை பெரிதாக இருந்தும் உண்மையான பயனைக் குறைத்தே காட்டும் கட்டுரைகள் இருக்கின்றன. 1976இல் காக்கிராஃப்ட், கால்ட் என்ற இருவர் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார்கள். 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, இரத்தத்திலுள்ள கிரியேட்டினின் அளவை 72ஆல் பெருக்கி வருவதால் வகுத்தால், சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு ஒரு மதிப்பீடு கிடைக்கும். பெண்களுக்கு 0.85ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். 249 நோயாளிகள், பெரும்பாலும் ஆண்கள், அவ்வளவுதான் தரவு. பெண்களுக்கான அந்த 0.85 அவர்களாக வைத்துக்கொண்ட எண். இத்தனை குறைகளும் இருந்தும், எத்தனையோ மருந்துகளின் அளவு இன்றைக்கும் அந்தச் சூத்திரத்தை வைத்துக் குறைக்கப்படுகிறது. கட்டுரைகளில் அது பத்தாயிரம் முறைக்கு மேல் மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. நடுநிசியில் வார்டில் நின்று கைப்பேசியில் அந்தக் கணக்கைப் போட்டு வயதான ஒருவரின் மருந்தைப் பாதியாக்கும் மருத்துவர் மேற்கோள் காட்டுவதில்லை. அவர் மருந்து அட்டையில் எழுதுகிறார், அடுத்த நோயாளியிடம் போகிறார். அந்தப் பயன்பாடு எந்தத் தரவுத்தளத்திலும் ஏறாது.

1981இல் வந்த நரான்ஹோ அளவுகோலும் அப்படித்தான். பக்கவிளைவு ஒன்றை மருந்துதான் உண்டாக்கியதா என்று பத்துக் கேள்விகளில் எடைபோடும் படிவம். அதன் உண்மையான வாசகர்கள் அதை நிரப்பி அனுப்பும் மருந்தாளுநர்கள்.

நம் துறையின் பெரும்பகுதி இப்படிக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் இருக்கிறது: மருந்துடன் வரும் தகவல் தாளில் ஒரு வரி, சிகிச்சை வழிகாட்டியில் மாறிய ஓர் அளவு, எச்சரிக்கை அறிவிப்பு, நிறுத்தப்பட்ட ஒரு மருந்து. நெறிமுறைக் குழுவில் உட்கார்ந்து மோசமான ஆய்வுத் திட்டம் ஒன்றைத் தடுத்தவருக்கு அதற்காக ஒரு கட்டுரைகூடக் கிடைக்காது. தடுக்கப்பட்ட ஆய்வு வெளியாவதில்லை அல்லவா.

வெளியாகாதவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவாகியிருந்த 74 மனச்சோர்வு மருந்துச் சோதனைகளை ஆராய்ந்து, 2008இல் எரிக் டர்னரும் குழுவினரும் வெளியிட்ட கட்டுரையை நம் துறையில் அறியாதவர் இருக்க மாட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளியாகவே இல்லை. வெளியானவற்றை மட்டும் படித்தால் 94 விழுக்காடு வெற்றி, கட்டுப்பாட்டு அமைப்பின் கணக்கில் 51 விழுக்காடு. தோற்ற சோதனை நல்ல இதழில் வராது, வந்தாலும் அதிகம் மேற்கோள் பெறாது என்று ஆய்வாளர்களுக்குத் தெரியும். அப்படி எண்ண வைத்ததில் நம்மைப் போன்ற குழுக்களுக்கும் பங்கு உண்டு. ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று எழுதியவரின் பதவி உயர்வைத் தள்ளிப்போட்டுவிட்டு, இலக்கியம் ஒருபக்கமாகச் சாய்கிறதே என்று மாநாட்டு மேடைகளில் வருந்துகிறோம்.

ஆகவே விண்ணப்பதாரரிடம் இதைக் கேளுங்கள்: நீங்கள் முன்னின்று பதிவுசெய்த சோதனைகள் எத்தனை, அவற்றில் எத்தனையின் முடிவுகள் பொதுவெளியில் இருக்கின்றன? 2005 முதல் முக்கிய மருத்துவ இதழ்கள் முன்கூட்டியே பதிவுசெய்யாத சோதனைகளை ஏற்பதில்லை. பதிவேடு எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. முதலில் எதை அளப்பதாகச் சொன்னார், கடைசியில் எதை அளந்ததாக எழுதினார் என்று ஒப்பிடலாம். எட்டுச் சோதனை பதிவுசெய்து எட்டின் முடிவுகளையும், தோற்றவை உட்பட, வெளியிட்டவர் என் கணக்கில் முதலிடத்துக்கு உரியவர். அவருடைய எச்-இண்டெக்ஸ் என்னவாக இருந்தாலும் சரி.

கூட்டாகச் செய்யும் வேலையை எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதும் எனக்குக் கவலை தருகிறது. 2020இல் பிரிட்டனில் கோவிட் நோயாளிகளிடம் நடந்த ரிகவரி சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய, மலிவான மருந்தைப் பெற்ற 2,104 பேரில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 22.9 விழுக்காடு. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 4,321 பேரில் 25.7 விழுக்காடு. அதே சோதனைதான் மலேரியா மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மரணத்தைக் குறைக்கவில்லை என்றும் காட்டியது. இரண்டு விடைகளும் உலகம் முழுவதும் சிகிச்சையை மாற்றின. ஆசிரியர் என்ற இடத்தில் ஒரு கூட்டுக்குழுவின் பெயர். ஒவ்வொரு மருத்துவமனையிலும் நோயாளிகளிடம் பேசி, சீட்டுக் குலுக்குவதுபோலக் கணினி ஒதுக்கியபடி மருந்து கொடுத்து, விடாமல் பதிவுசெய்தவர்களைப் பற்றி, ‘முதல் ஆசிரியரா, கடைசி ஆசிரியரா’ என்று கேட்கும் உங்கள் படிவம் என்ன சொல்லும்? அவர்களில் ஒருவர் நாளை உங்கள் முன் வந்து உட்கார்ந்தால், அவர் அந்தச் சோதனையில் என்ன செய்தார் என்று கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்கினாலே தெரிந்துவிடும், பெயருக்கு இருந்தவரா வேலை செய்தவரா என்று.

அதே 2020 மே மாதத்தில் லான்செட் மருத்துவ இதழில் வந்த, 671 மருத்துவமனைகள், 96,000 நோயாளிகள் என்று சொல்லிக்கொண்ட ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கட்டுரை, தரவைச் சரிபார்க்கக் கொடுக்க முடியாமல் இரண்டே வாரத்தில் திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்ற பின்னும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். எண் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

எண்களையே தூக்கி எறியச் சொல்கிறேன் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். படிக்காமல், ஆளைத் தெரியும் என்பதற்காகத் தேர்ந்தெடுத்த காலத்தையும் நான் பார்த்தவன்தான். அந்த அநியாயத்துக்கு எண் ஒரு தடுப்பாக வந்தது என்பதை மறுக்க மாட்டேன். நூறு விண்ணப்பங்கள் குவிந்திருக்கும்போது உங்களுக்கு இருக்கும் நேர நெருக்கடியும் புரிகிறது. ஆனால் எண்ணைப் பார்த்ததும் கேள்வி எழ வேண்டும்: இது ஏன் இவ்வளவு உயர்ந்தது, அது ஏன் இவ்வளவு தாழ்ந்தது? சூத்திரமா, வழிகாட்டியா, மீள்பார்வையா, சர்ச்சையா, தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியதா? இடையில் குழந்தைப்பேற்றுக்காகவோ நோய்க்காகவோ மூன்று ஆண்டுகள் விட்டுப்போனதா? இந்தக் கேள்விகள் புதியவையும் அல்ல. 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான ஆய்வு மதிப்பீட்டுப் பிரகடனம், ஒரு கட்டுரையை அது வந்த இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை, அதாவது அந்த இதழின் சராசரி மேற்கோள் எண்ணை, வைத்து எடைபோடாதீர்கள் என்றது. ஆய்வு அளவீடுகள் பற்றிய 2015இன் லைடன் அறிக்கையின் பத்துக் கோட்பாடுகளில் முதலாவது, எண் வழி மதிப்பீடு நிபுணரின் தீர்ப்புக்குத் துணையாக இருக்க வேண்டும் என்பது. உங்களில் பலரின் நிறுவனங்கள் சான் பிரான்சிஸ்கோ பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. கையெழுத்து இணையதளத்தில் இருக்கிறது, படிவம் மட்டும் பழையபடியே இருக்கிறது.

நடைமுறையில் என்ன செய்யலாம்? முழுப் பட்டியலைக் கேட்பதற்குப் பதில் ஐந்து கட்டுரைகளை மட்டும் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பத்தி: இதனால் எந்த மருந்தின் அளவு, எந்தப் பயன்பாடு, எந்த எச்சரிக்கை மாறியது, மாறவில்லையென்றால் எது தெளிவானது, இதில் என் கைவேலை எது. அந்த ஐந்தும் கட்டுரைகளாகவே இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு எழுதிய அறிக்கையோ, தவறைச் சுட்டிய கடிதமோ, தன் கட்டுரையில் பிழை கண்டு தானே வெளியிட்ட திருத்தமோ இருக்கலாம். திருத்தம் வெளியிட்டவரைக் குறைத்து எடைபோடாதீர்கள். அதற்குத் துணிவு வேண்டும், அந்தத் துணிவு நம் துறையில் அரிது. எண் தரவேண்டியிருந்தால், எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதி என்று எல்லாருக்கும் ஒன்றாகவே கேளுங்கள்.

குறைப்பிரசவக் குழந்தைகளின் மருந்தளவைத் தேடிய அந்த ஆய்வாளர் பிறகு ஆய்வுத் துறையை விட்டே போய்விட்டார். நம்மிடம் வராத ஐந்தாவது கட்டுரையில் என்ன இருந்திருக்கும் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் அடுத்த பணி அறிவிப்பு அச்சுக்குப் போகும் முன், குறைந்தபட்ச எச்-இண்டெக்ஸ் என்ற வரியை எடுத்துவிடுங்கள். மதிப்பீட்டாளராக என்னை அழைத்தால் வருகிறேன். ஊதியம் வேண்டாம். கடைசிச் சுற்றுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரமும், கட்டுரைகளைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பும் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிற
மருத்துவ மருந்தியல் ஆய்வாளர் ஒருவர்